ஐந்து சென்ட் பிளேட்டோ: ஒரு அறிமுக நூலின் கதை

2000ஆம் வருஷம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகம் ஒன்று தேடி திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகளுக்குப் போனவன், அது கிடைக்காமல், முதுகு ஒட்டுப்போட்ட வேறொரு புத்தகத்தோடு திரும்பி வந்தேன். வில் டூரான்ட் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் ஃபிலாசபி'. தத்துவத்தின் கதை. கடைக்காரர் 40 சொன்னார், 25க்குக் கொடுத்தார்.

எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் பென்சிலால் அடிக்கோடு போடும் பழக்கம் உள்ளவர். பிளேட்டோவில் பக்கத்துக்குப் பக்கம் கோடு. அரிஸ்டாட்டிலில் கொஞ்சம் குறைவு. ஸ்பினோசாவில் மறுபடி நிறைய. இமானுவேல் கான்ட் அத்தியாயம் தொடங்கி ஆறேழு பக்கத்தில் கோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் புத்தகம் முழுக்க சுத்தம். ஆளு அங்கேயே கைவிட்டுவிட்டார் போல. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த வருஷம் நானும் சரியாக அதே இடத்தில்தான் நின்றேன்.

பல வருஷம் கழித்து, தத்துவத்தையே தொழிலாகப் படித்த ஒருவரிடம் இந்தப் புத்தகத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அதெல்லாம் தத்துவமே இல்லைங்க. தத்துவவாதிகளைப் பற்றிய கிசுகிசு" என்றார். அந்த ஒரு வரி என்னை ரொம்ப நாள் உறுத்தியது. நான் படித்தது தத்துவம் இல்லையென்றால் வேறு என்ன? இந்தப் புத்தகம் யாருக்காக, எப்படி எழுதப்பட்டது என்று தேட ஆரம்பித்தது அப்படித்தான். தேடிப் பார்த்தால், புத்தகத்தின் உள்ளே இருக்கிற கதைகளுக்குக் கொஞ்சமும் குறையாத கதை அதன் வெளியே இருந்தது.

கேன்சஸில் ஒரு அச்சகம்

கதை பிளேட்டோவிலிருந்து தொடங்கவில்லை. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் கிரார்ட் என்ற சின்ன ஊரிலிருந்து தொடங்குகிறது. விவசாயமும் நிலக்கரிச் சுரங்கமும் சூழ்ந்த பகுதி. அந்த ஊரிலிருந்துதான் 'அப்பீல் டு ரீசன்' என்ற சோஷலிச வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. உச்சத்தில் 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் போன பத்திரிகை. அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் 1905இல் தொடராக வந்தது இதில்தான்.

1915இல் இந்தப் பத்திரிகைக்கு வேலைக்கு வந்தவர் இமானுவேல் ஜூலியஸ். 1889இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம், அப்பா புத்தகம் பைண்டிங் செய்பவர். உள்ளூர் வங்கிக் குடும்பத்துப் பெண்ணான மார்செட் ஹால்டிமனை 1916இல் திருமணம் செய்தார். இருவரும் பெயர்களை இணைத்துக்கொண்டார்கள்: ஹால்டிமன்-ஜூலியஸ். மனைவி பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட ஆள், அதுவும் 1916இல்!

1919இல் அந்த அச்சகத்தை ஒரு கூட்டாளியோடு சேர்ந்து வாங்கினார். அவருக்கு ஒரு பழைய ஞாபகம் இருந்தது. 15 வயதில், குளிர்காலத்தில் ஒரு நாள், 10 சென்ட் கொடுத்து ஆஸ்கர் வைல்டின் 'ரெடிங் சிறைப் பாடல்' சிறுநூலை வாங்கி, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கை விறைக்க விறைக்க ஒரே மூச்சில் படித்து முடித்திருக்கிறார். இதே மாதிரி சட்டைப் பையில் அடங்குகிற, காபி விலைக்குக் கிடைக்கிற புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எப்படி இருக்கும்? சொந்தமாக அச்சகம் கையில் வந்ததும் முதலில் போட்ட இரண்டு நூல்களில் ஒன்று அந்த வைல்ட் கவிதை. இன்னொன்று உமர் கய்யாம்.

முதலீட்டுக்கு அவர் செய்த வேலையை இன்றைக்கு கிரௌட் ஃபண்டிங் என்போம். பத்திரிகைச் சந்தாதாரர்களுக்குக் கடிதம் போட்டார்: 5 டாலர் அனுப்புங்கள், 50 சிறுநூல்கள் அச்சாக ஆக அனுப்புகிறேன். 5,000 பேர் பணம் அனுப்பினார்கள். அப்போது அந்த 50இல் பெரும்பாலானவை அச்சிலேயே இல்லை!

இப்படித் தொடங்கியதுதான் 'லிட்டில் ப்ளூ புக்ஸ்' என்று பெயர்பெற்ற சின்ன நீலப் புத்தகங்கள். அகலம் 3.5 அங்குலம், உயரம் 5 அங்குலம். பெரும்பாலும் 64 பக்கம். ஆரம்பத்தில் 25 சென்ட் இருந்த விலை படிப்படியாக இறங்கி 5 சென்ட்டில் நின்றது. பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் வரும். அதில் தலைப்புகளும் எண்களும் மட்டும் பொடி எழுத்தில். வேண்டிய எண்களைக் குறித்து, காசோடு அனுப்பினால் தபாலில் வீட்டுக்கு வரும். ஷேக்ஸ்பியரும் உண்டு, சோப்பு செய்வது எப்படி என்பதும் உண்டு. மொத்தம் ஏறத்தாழ 2,000 தலைப்புகள். 1951 வரைக்கும் சுமார் 30 கோடிப் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. சரக்கு ரயிலில் ஊர் ஊராகத் திரிந்த இளைஞன் லூயி லமூர் இந்த நீலப் புத்தகங்களைப் படித்ததைத் தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். பிற்பாடு அவர் கௌபாய் கதைகளில் பெரும்புகழ் பெற்றார்.

ஹால்டிமன்-ஜூலியஸ் புனிதரெல்லாம் இல்லை. கெட்டிக்கார வியாபாரி. வருஷத்துக்கு 10,000 பிரதி போகாத புத்தகத்தைத் தன் ஆபீசில் 'ஆஸ்பத்திரி' என்று பெயர் வைத்த பிரிவுக்கு அனுப்புவார். அங்கே வைத்தியம் பெரும்பாலும் தலைப்பை மாற்றுவதுதான். தியோஃபீல் கோத்தியே எழுதிய 'தங்கக் கம்பளி' என்ற கதை ஒரு வருஷத்தில் 6,000 பிரதிதான் போனது. 'பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி' என்று பொருள்படும் தலைப்பை வைத்ததும் 50,000. ஷோப்பன்ஹாவர் எழுதிய 'வாதக்கலை' தூங்கிக்கொண்டிருந்தது. 'தர்க்கரீதியாக வாதிடுவது எப்படி' என்று மாற்றியதும் 30,000 பேர் வாங்கினார்கள். உள்ளே ஒரு வரி மாறவில்லை. யூடியூப் தம்ப்நெயில் எல்லாம் இப்போது வந்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

தேவாலயத்தில் தத்துவ வகுப்பு

இப்போது நியூயார்க்குக்கு வருவோம். 14ஆம் தெருவும் இரண்டாம் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் 'லேபர் டெம்பிள்' என்று ஒரு இடம். பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை நடத்தியது. சுற்றிலும் புதிதாகக் குடியேறிய ஏழைத் தொழிலாளர்கள். அங்கே 1914இலிருந்து மாலை வேளைகளில் தத்துவம், வரலாறு, இசை, அறிவியல் என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர்தான் வில் டூரான்ட்.

டூரான்டின் சொந்தக் கதையே ஒரு அத்தியாயத்துக்குத் தேறும். 1885இல் மாசசூசெட்ஸில் பிறந்தார். கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குடும்பம். மகன் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அம்மாவின் கனவு. யேசு சபையினரிடம் படித்தார், 1909இல் குருமடத்தில் சேர்ந்தார். அந்தக் குருமடத்து நூலகத்திலேயே ஸ்பினோசாவின் 'எதிக்ஸ்' கையில் கிடைத்தது. 1911இல் குருமடத்தை விட்டு வெளியேறினார். அடுத்த வருஷம் மதங்களின் தோற்றம் பற்றி அவர் ஆற்றிய உரைக்காகத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. வீட்டில் இது எப்படி விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டூயியிடம் தத்துவம் படித்து, 1917இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் அவருடைய நிஜமான பல்கலைக்கழகம் லேபர் டெம்பிள்தான் என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் பகல் முழுக்க மிஷினில் நின்றுவிட்டு வந்தவர்கள். பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது மொழி. வருகைப் பதிவு கிடையாது, பரீட்சை கிடையாது. புரியவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள், அல்லது தூங்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தைப் பதிமூன்று வருஷம் பிளேட்டோவையும் நீட்சேயையும் வைத்து உட்கார வைத்தவருக்கு, எந்த வாக்கியம் ஆளை எழுப்பும், எது தூங்க வைக்கும் என்று தெரிந்திருக்கும். மென்பொருள் பாஷையில் சொன்னால் அந்தப் புத்தகம் வெளியிடப்படும் முன்பே பல வருஷம் நேரடிப் பயனர்களிடம் சோதிக்கப்பட்டது.

1922 வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போன ஹால்டிமன்-ஜூலியஸ், இன்று பிளேட்டோ பற்றி உரை என்ற அறிவிப்புப் பலகையைப் பார்த்து உள்ளே போய் உட்கார்ந்தார். பிடித்துவிட்டது. கிரார்டுக்குத் திரும்பியதும் கடிதம் போட்டார்: அந்த உரையை ஒரு நீலப் புத்தகமாக எழுதிக் கொடுங்கள். டூரான்ட் நேரமில்லை என்று மறுத்தார். மறுபடி கடிதம் வந்தது. இந்த முறை உள்ளே முன்பணக் காசோலை. குழந்தை உள்ள வீடு. டூரான்ட் எழுதினார். பிளேட்டோவுக்கு அப்புறம் அரிஸ்டாட்டில் கேட்டார், அதற்கும் காசோலை வந்தது. இப்படியே 11 சிறுநூல்கள் ஆயின.

பிளேட்டோ ஐந்து சென்ட்டுக்கு விற்கப்பட்டது இப்படித்தான். தத்துவத்தை இவ்வளவு மலிவாக அதுவரை யாராவது விற்றிருப்பார்களா, தெரியவில்லை. சாக்ரடீஸ் இலவசமாகக் கொடுத்தார், அது வேறு விஷயம். அதற்கு அவர் கொடுத்த விலையும் வேறு.

55 சென்ட்டிலிருந்து 5 டாலருக்கு

ரிச்சர்ட் சைமனும் மேக்ஸ் ஷூஸ்டரும் 1924இல் பதிப்பகம் தொடங்கிய இரண்டு இளைஞர்கள். முதல் புத்தகம் குறுக்கெழுத்துப் புதிர்த் தொகுப்பு. அதோடு ஒரு பென்சிலும் கட்டி விற்றார்கள், அமோகமாக ஓடியது. குறுக்கெழுத்து விற்ற அதே சைமன் அண்ட் ஷூஸ்டர், 1926இல் டூரான்டின் 11 சிறுநூல்களையும் சேர்த்து, திருத்தி, ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாகப் போட்டது. விலை 5 டாலர்.

கணக்கைப் பாருங்கள். ஒன்று 5 சென்ட் என்றால் 11 சிறுநூலும் சேர்த்து 55 சென்ட். கிட்டத்தட்ட அதே விஷயம், ஒன்பது மடங்கு விலை. யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். 1926, 1927 இரண்டு வருஷமும் அமெரிக்காவில் அதிகம் விற்ற புத்தகங்களில் அது இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் ஹெச்.ஜி. வெல்ஸின் உலக வரலாற்றுச் சுருக்கமும் வான் லூனின் 'மனிதகுலத்தின் கதை'யும் வந்து பெரிய வெற்றி பெற்றிருந்தன. உலகப் போர் முடிந்திருந்தது, பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் பெருகியிருந்தார்கள், ஆனால் கல்லூரி எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 'எல்லாவற்றையும் யாராவது எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்' என்று ஒரு தலைமுறையே கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த வருமானத்தில் டூரான்ட் 1927இல் லேபர் டெம்பிள் வேலையை விட்டார். அடுத்த கிட்டத்தட்ட 50 வருஷத்தை 'நாகரிகத்தின் கதை' என்ற 11 பாக வரலாற்றுக்குக் கொடுத்தார்.

உள்ளே என்ன இருக்கிறது?

11 அத்தியாயங்கள். பிளேட்டோ, அரிஸ்டாட்டில், பேகன், ஸ்பினோசா, வோல்டேர், கான்ட், ஷோப்பன்ஹாவர், ஹெர்பர்ட் ஸ்பென்சர், நீட்சே ஆகிய ஒன்பது பேருக்குத் தனி அத்தியாயம். கடைசி இரண்டில் அவர் காலத்தவர்கள்: ஐரோப்பாவிலிருந்து பெர்க்சன், குரோச்சே, ரஸ்ஸல். அமெரிக்காவிலிருந்து சந்தயானா, ஜேம்ஸ், டூயி.

முறை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் அந்த ஆள் வாழ்ந்த ஊர், காலம், அரசியல். பிறகு அவர் வாழ்க்கை. பிறகு அவர் புத்தகங்கள் ஒவ்வொன்றாக, முடிந்தவரை அவர் வார்த்தைகளிலேயே. கடைசியில் டூரான்டின் விமர்சனம். எந்தத் தத்துவமும் ஆகாயத்திலிருந்து விழவில்லை, ஒரு மனுஷனுக்கு ஏதோ ஒரு நெருக்கடியில் தோன்றியது என்பதை இந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

எனக்கு இன்றுவரை பிடித்தது ஸ்பினோசா அத்தியாயம். ஆம்ஸ்டர்டாம், 1656 ஜூலை 27. யூத சமூகம் 23 வயது இளைஞன் ஒருவனை சபித்து விலக்குகிறது. யாரும் அவனோடு பேசக்கூடாது, அவன் எழுதியதைப் படிக்கக்கூடாது. அவன் லென்ஸ் தேய்த்துப் பிழைக்கிறான். 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தருகிறேன் என்று கூப்பிடுகிறது. நிலவும் மதத்தைக் கலைக்காமல் இருந்தால் போதும், மற்றபடி சுதந்திரம் உண்டு என்கிறார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு எல்லை எங்கே என்று தெரியவில்லையே என்று மரியாதையாக மறுத்துவிடுகிறான். 1677இல் 44 வயதில் நெஞ்சுநோயில் இறக்கிறான். முக்கிய நூலான 'எதிக்ஸ்' செத்த பிறகுதான் வெளிவருகிறது. இதை எழுதும்போது டூரான்ட் தன்னைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தார் என்பது, அவர் குருமடக் கதை தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அத்தியாயத்தின் சூடு அங்கிருந்து வருகிறது.

ஒரு சொந்த விஷயம். 2000இல் லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, என் கையில் இருந்த இந்தப் புத்தகத்தைப் பார்த்து அப்பா "என்னடா புக்கு இது, பாடமா?" என்று கேட்டார். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். எட்டாவது வரை படிப்பு. பிளேட்டோவின் கருத்துலகத்தை விளக்க ஆரம்பித்து இரண்டு நிமிஷத்தில் திணறிவிட்டேன். சரியென்று ஸ்பினோசா கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "கண்ணாடி தேய்க்கிற வேலைன்னா தூசி சும்மா விடாதுடா. மூக்குல துணி கட்டினாரா அந்த ஆளு?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பிற்பாடு ஸ்பினோசாவின் வாழ்க்கை வரலாறுகளைப் படிக்கும்போதுதான் தெரிந்தது, லென்ஸ் தூசிதான் அவர் நுரையீரலைக் கெடுத்திருக்கலாம் என்று அறிஞர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். எட்டாவது படித்த டர்னர் அரை நிமிஷத்தில் அங்கே போய்விட்டார். பி.இ. படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

குறைகள், அவரே ஒப்புக்கொண்டவை

இப்போது 'கிசுகிசு' என்று சொன்னவரின் பக்கத்தையும் பார்ப்போம். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதலாவது, ஓட்டைகள். அரிஸ்டாட்டில் இறந்தது கி.மு. 322. பேகன் பிறந்தது கி.பி. 1561. நடுவில் 1,880 வருஷம். ஸ்டோயிக்குகள், எபிக்யூரஸ் எல்லோரும் பேகன் அத்தியாயத்தின் முன்னோட்டமாகச் சில பக்கங்களில் வந்து போகிறார்கள். அகஸ்டின், அக்வினாஸ், அரபுத் தத்துவவாதிகள் யாருக்கும் நாற்காலி இல்லை. டேகார்ட்டுக்குத் தனி அத்தியாயம் கிடையாது. லாக், பர்க்லி, ஹியூம் மூவரும் கான்ட் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற பஸ் நிறுத்தங்கள் மாதிரி. ஹெகலும் கான்ட் வீட்டுத் திண்ணையில்தான். ஆனால் இன்று அதிகம் பேர் படிக்காத ஸ்பென்சருக்கு முழு அத்தியாயம்.

இரண்டாவது இன்னும் முக்கியம். டூரான்டைப் படித்தால் தத்துவவாதிகளைத் தெரிந்துகொள்ளலாம், தத்துவம் செய்யத் தெரியாது. இதற்கு நேர்மாறான அறிமுக நூல் ஒன்று உண்டு. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'தத்துவத்தின் பிரச்சினைகள்', 1912. அதுவும் பொதுவாசகர்களுக்கு ஒரு ஷில்லிங் விலையில் வந்த வரிசையில் ஒன்றுதான். அதில் ஆளும் கிடையாது, கதையும் கிடையாது. ஒரு மேசையிலிருந்து தொடங்குகிறார். மேசை பழுப்பு நிறம் என்கிறோம். ஆனால் வெளிச்சம் படுகிற இடம் வெள்ளையாகத் தெரிகிறது. இடம் மாறி உட்கார்ந்தால் வெள்ளையும் இடம் மாறுகிறது. வழவழப்பு என்கிறோம், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடுபள்ளம். அப்படின்னா இதில் எது நிஜ மேசை? நிஜ மேசை என்று ஒன்று இருக்கிறதா? பத்துப் பக்கத்தில் காலுக்கடியில் இருக்கிற தரை ஆடத் தொடங்கிவிடும். டூரான்ட் யார், எங்கே, ஏன் என்று சொல்கிறார். ரஸ்ஸல் நம்மையே யோசிக்க வைக்கிறார்.

ஆனால் என் அனுபவத்தில், டூரான்டைப் படிக்காமல் இருந்திருந்தால் ரஸ்ஸலிடம் நான் போயிருக்கவே மாட்டேன். ஒரு மென்பொருளின் முகப்புக் குறிப்பு அதன் மூல நிரல் ஆகாது. அதைப் படித்துவிட்டு எல்லாம் தெரியும் என்பவன் முட்டாள். முகப்புக் குறிப்பே இல்லாத நிரலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. டூரான்ட் இதைத் தெரிந்தே இருந்தார். ஸ்பினோசாவைக் கதைப் புத்தகம் மாதிரி ஓட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, உரைநூல் பார்த்து, மறுபடி மூலத்துக்கு வாருங்கள் என்று வாசகரை மூலத்துக்குத்தான் அனுப்புகிறார்.

பிற்பாடு வந்த பதிப்பின் முன்னுரையில் அவர் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. விமர்சகர்களோடு சண்டை போடாமல் தன் குறைகளைத் தானே பட்டியல் போட்டார். இடைக்காலத் திருச்சபைத் தத்துவத்தை விட்டது அநியாயம்தான், குருமடத்தில் அதில் மாட்டி அவதிப்பட்டவன் என்பதால் மன்னியுங்கள் என்கிற தொனி. அதோடு சீன, இந்தியத் தத்துவத்தை முழுக்க விட்டதையும் ஒப்புக்கொண்டார். கன்ஃபூசியஸும் புத்தரும் சங்கரரும் இல்லாமல் சாக்ரடீஸில் தொடங்குகிற கதை குறுகிய பார்வைதான் என்பது அவர் ஒப்புதலின் சாரம்.

இந்தியா இல்லாத கதை

இங்கே நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். 20 வயதில் இதைப் படித்தபோது இந்தியா இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை! தத்துவம் என்றால் கிரேக்கம், பிறகு ஜெர்மனி என்று மனசு தானாக ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு அறிமுக நூலின் நிஜமான ஆபத்து இதுதான். அது தப்பாகச் சொல்வதைக்கூட யாராவது திருத்துவார்கள். அது சொல்லாமல் விட்டதை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாத வாசகன் எப்படித் தேடுவான்?

தெரியாமல் போக வாய்ப்பில்லை என்றும் சொல்லலாம். திருத்தணியில் பிறந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணனின் 'இந்தியத் தத்துவம்' முதல் பாகம் 1923இலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. இரண்டாம் பாகம் 1927. நம்ம பக்கமே பார்த்தால், மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும் 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை' இருக்கிறது. ஒரு பெண்ணின் கதைக்குள்ளேயே தத்துவ அறிமுகம். தத்துவத்தைக் கதையாகச் சொல்வது 1926இல் கண்டுபிடிக்கப்பட்டது இல்லை.

ஆனால் டூரான்ட் மன்னிப்புக் கேட்டதோடு நிற்கவில்லை. 'நாகரிகத்தின் கதை'யின் முதல் பாகத்துக்காக 1930இல் இந்தியா வந்தார். பழைய நாகரிகத்தைப் பார்க்க வந்தவர் கண்ணில் பட்டது பஞ்சமும் வரியும் அடக்குமுறையும். உப்புச் சத்தியாகிரகம் நடந்த வருஷம் அது. ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, அதே வருஷம் 'தி கேஸ் ஃபார் இந்தியா' என்ற சின்னப் புத்தகத்தை எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான நேரடிக் குற்றப்பத்திரிகை. 1935இல் வந்த முதல் பாகமான 'நமது கிழக்கத்திய மரபு', எகிப்தையும் பாபிலோனையும் இந்தியாவையும் சீனாவையும் ஜப்பானையும் சொன்னது. கிரேக்கத்துக்கு இரண்டாம் பாகத்தில்தான் இடம். 1926இல் போட்ட வரிசையை 1935இல் அவரே மாற்றி அடுக்கினார். தன் புத்தகத்தில் உள்ள பிழையை இவ்வளவு பெரிய செலவில் திருத்திய எழுத்தாளர்கள் அதிகம் இல்லை.

விடுபட்ட இன்னொரு பெயர்

'தத்துவத்தின் கதை'யின் 11 அத்தியாயங்களில் ஒரு பெண்ணுக்கும் அத்தியாயம் இல்லை. வெளியே ஒரு பெண் இருந்தார். ஏரியல் டூரான்ட். உக்ரைனிலிருந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண், இயற்பெயர் சாயா காஃப்மன். டூரான்ட் நியூயார்க்கில் ஃபெரர் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது அவருடைய மாணவி. 1913இல் கல்யாணம். அவருக்கு 15 வயது, டூரான்டுக்கு 27. ரோலர் ஸ்கேட் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தார் என்று இதை இனிமையான கதையாகவே சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு இனிமையாகப் படவில்லை. ஆசிரியர், மாணவி, 15 வயது. டூரான்டை ரசிப்பவன் என்பதற்காக அதை விழுங்கிவிட முடியாது.

அந்த மாணவிதான் 'நாகரிகத்தின் கதை' முழுக்கக் குறிப்பெடுத்து, வகைப்படுத்தி, வாதாடி உழைத்தவர். அட்டையில் அவர் பெயர் ஏழாம் பாகத்தில்தான் வந்தது, 1961இல். முதல் பாகம் வந்து 26 வருஷம் கழித்து. 1968இல் பத்தாம் பாகத்துக்கு புலிட்சர் பரிசு வந்தபோது இருவர் பெயருக்கும் வந்தது. 1981 அக்டோபர் 25இல் ஏரியல் இறந்தார். நவம்பர் 7இல் டூரான்ட்.

கிரார்டின் கதை அவ்வளவு அமைதியாக முடியவில்லை. ஹால்டிமன்-ஜூலியஸ் 1948இல் எஃப்.பி.ஐ.யைத் தாக்கி ஒரு புத்தகம் போட்டார். 1951இல் வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை. மேல்முறையீடு இருக்கும்போதே, அந்த ஜூலை 31இல் தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார். மகன் அச்சகத்தைத் தொடர்ந்து நடத்தினார். 1978 ஜூலை 4இல் அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது.

கடைசியாக

'கிசுகிசு' என்று சொன்னவருக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. இந்தப் புத்தகம் தத்துவத் துறைக்காக எழுதப்பட்டதே இல்லை. பகல் முழுக்க மிஷினில் நின்றவர்கள் சாயங்காலம் கேட்பதற்காகப் பேசப்பட்டது. அப்படிப் பார்த்தால் அதன் சரியான வாசகன் நான் கூட இல்லை, எங்க அப்பாதான். அவருக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவில் இருந்தது அறிவு இல்லை, ஆங்கிலம். அந்த இடைவெளியில் அன்று நான் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு நிமிஷத்தில் திணறிவிட்டேன். பிளேட்டோவை எனக்கே புரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

கான்ட் அத்தியாயத்தை நான் கடைசியாக முடித்தது 2019இல். நல்ல வேளை, கான்ட்டைப் புரிந்துகொள்ள முதலில் கான்ட்டைப் படிக்காதீர்கள் என்கிற மாதிரி டூரான்டே ஆறுதல் சொல்கிறார். அந்த முகம் தெரியாத பென்சில்காரர் விட்ட இடத்திலிருந்து நான் பேனாவில் கோடு போட்டிருக்கிறேன்.

அப்பா ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறார். போன வாரம் அவரிடம் ரஸ்ஸலின் மேசையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கண்ணுக்கு வழவழன்னுதான் இருக்கும்டா, அதுக்குத்தானே மைக்ரோமீட்டர் வெச்சிருக்கோம்" என்றார். மைக்ரோமீட்டர் காட்டுவதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டேன். "அப்புறம் எதைத்தான்டா நம்புறது?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தத்துவவாதியாகத் தமிழில் எழுதலாம் என்றிருக்கிறேன். முதலில் ஸ்பினோசா. லென்ஸ் தூசியிலிருந்து தொடங்குகிறேன்.